பரணில் கிடைத்த பித்தளைக் குழல் எம்டன் குண்டா, கப்பல் குண்டா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் பாட்டன் கட்டிய வீட்டைப் பிரிக்கும்போது பரணில் ஒரு பித்தளைக் குழல் கிடைத்திருக்கிறது. உயரம் சுமார் ஓர் அடி, வாய் இரண்டேகால் அங்குலம். அடிப்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் வெட்டியிருக்கின்றன: 6 பி ஆர், அதற்குக் கீழே ரோமன் இரண்டு, மேல்நோக்கிய ஓர் அம்பு, ஆர் எல், இரண்டு இடத்தில் சி எஃப், ஓரத்தில் 9, 15 என்ற இரண்டு எண்கள். கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர், கப்பலிலிருந்து கொண்டுவந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸில் வீசிய குண்டு என்கிறார். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இது கடற்படைக் குண்டுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியவேண்டியது எழுத்துகளின் பொருள் மட்டுமல்ல, வீட்டில் சொல்லிவந்த கதை நிஜமா என்பதும்தான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குப் பித்தளையே பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாதிதான் சொல்லும். கடற்படையின் ஆயுதக் கிடங்கு ஒன்றில் 27 வருடம் தோட்டா உறைகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் காட்பாடியில் இருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பட்டாளத்து வீடுகள் அதிகம். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் மாதத்துக்கு ஒருவராவது இப்படி ஏதாவது ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

எழுத்துகளுக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். குழலின் வாயில் கூம்பாக ஏதும் செருகியிருக்கிறதா? நீங்கள் அனுப்பிய படத்தில் இல்லை, நல்லது. அடித்தட்டின் நடுவில் இருக்கும் சின்ன வட்டம்தான் பிரைமர், அதாவது தீ மூட்டும் குப்பி. அதில் ஊசி குத்திய பள்ளம் தெரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் சுட்டு முடித்த உறைதான். ஆனாலும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கரியும் அடியில் ஒரு துளையும் மட்டும் தெரிந்தால் போதும், கவலையில்லை. காய்ந்த சேமியாவைப் போலப் பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாக ஏதாவது தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது கார்டைட், குண்டைத் தள்ளும் வெடிமருந்து. நம் நீலகிரி அருவங்காட்டில் 1903 முதல் இயங்கும் தொழிற்சாலைக்கு அந்த மருந்தின் பெயர்தான். அதை வெளியே கொட்டுவதோ, கொளுத்திப் பார்ப்பதோ, காயலான் கடையில் உறையை உடைக்க விடுவதோ கூடாது. அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள், செயலிழக்கச் செய்யும் பிரிவை அவர்கள் வரவழைப்பார்கள். உயிருள்ள தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட. நீங்களே போய்ச் சொன்னால் அந்தச் சிக்கலும் இல்லை.

இப்போது எம்டன். பெரியவர் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது, அதை நம் ஊரில் எல்லோருமே செய்கிறார்கள். பீரங்கித் தோட்டாவில் இரண்டு பாகம். முன்னால் இரும்பாலான குண்டு, அதன் இடுப்பில் ஒரு செம்பு வளையம். பின்னால் மருந்து அடைத்த பித்தளை உறை. சுட்டவுடன் குண்டு மட்டும்தான் பறக்கும். உறை பீரங்கியின் பின்புறமாகக் கழன்று, சுட்டவரின் காலடியில் விழும். ஆக, குண்டு விழுந்த ஊரில் உறை கிடைக்காது, சுட்ட கப்பலின் தளத்தில்தான் கிடக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் மதராஸ் துறைமுகத்தின் மேல் 120-க்கும் அதிகமான குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்த இரவுக்குப் பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் ஏராளம். அதனால்தான் இன்றும் நாம் ‘அவன் சரியான எம்டன்’ என்கிறோம். ஆனால் அந்த 120 சொச்சம் குண்டுகளின் பித்தளை உறைகளும் எம்டனிலேயே இருந்தன. அந்தக் கப்பல் அதே வருடம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுத் தரை தட்டியது. மதராஸில் பொறுக்கியவை எல்லாம் இரும்புச் சில்லுகளும் வெடிக்காத குண்டுகளும்தான். இன்னொரு தடையும் உண்டு. எம்டனில் இருந்த பத்துப் பெரிய பீரங்கிகளும் 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்டவை. உங்கள் உறையின் வாய் அதில் ஏறக்குறைய பாதிதான், அதில் அந்தக் குண்டு உட்காராது. எழுத்துகளும் ஜெர்மன் அல்ல. ஜெர்மன்காரர்கள் அந்தக் காலத்தில் ஆலை இருந்த ஊரின் பெயரையே முழுதாக வெட்டுவார்கள்: கார்ல்ஸ்ரூஹே, மாக்டபர்க் என்று. ஆக, எம்டன் இல்லை. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

எழுத்துகளைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு நடப்பது இங்கேதான். முதலில், தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பீதாம்பரிப் பொடி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். நூறு வருடத்து உறையில் ஆழமான முத்திரைகளோடு மேலோட்டமான முத்திரைகளும் இருக்கும், பக்கவாட்டில் சாயத்தில் எழுதிய எண்களின் நிழலும் இருக்கலாம். ஒரே தேய்ப்பில் எல்லாம் போய்விடும். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். பிறகு கொஞ்சம் திருநீற்றை எடுத்து அடித்தட்டில் விரலால் பூசி, உள்ளங்கையால் மெதுவாக வழித்துவிடுங்கள். பள்ளங்களில் மட்டும் வெள்ளை நிற்கும். அறையின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தட்டோடு தட்டாகப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நான் கிடங்கில் இருந்தபோது சுண்ணாம்புக் கட்டியால் இதையே செய்வோம். வெறும் கண்ணுக்கு மூன்று எழுத்து தெரிந்த இடத்தில் ஒன்பது எழுத்து எழுந்து வரும். உங்கள் படத்தில் அம்புக்கும் ஆர் எல்லுக்கும் நடுவில் ஏதோ மங்கலாக இருக்கிறது, அதை இப்படித்தான் மீட்கமுடியும்.

இனி எழுத்துகள். மேல்நோக்கிய அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான பழைய குறி. அதன் கீழே ‘ஐ’ என்ற எழுத்து சேர்ந்திருந்தால் இந்திய அரசின் சொத்து. உங்களுடையதில் அம்பு மட்டும் தெரிகிறது. அந்த மங்கலான இடத்தில் ‘ஐ’ ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அது இருந்தால் கதை கொஞ்சம் மாறும். ஆர் எல் என்பது லண்டன் பக்கம் வூல்விச்சில் இருந்த ராயல் லேபரட்டரி, அரசாங்கத்தின் சொந்தத் தோட்டா ஆலை. சி எஃப்பில் சி கார்டைட், எஃப் முழு அளவு மருந்து. உறைகளை ஒருமுறை சுட்டுவிட்டுத் தூக்கி எறியமாட்டார்கள். கழுவி, அளவு சரிபார்த்து, மறுபடி நிரப்புவார்கள். அப்போது மறுபடியும் அந்த முத்திரை விழும். உங்கள் உறையில் இரண்டு இடத்தில் இருப்பதால் இரண்டு முறை நிரப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரோமன் இரண்டைப் பார்த்து இரண்டாம் உலகப் போர் என்று முடிவு கட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது போரின் எண் அல்ல. அந்த உறையின் வடிவமைப்பில் இரண்டாவது மாதிரி என்று பொருள், பிரிட்டிஷ் வழக்கில் மார்க் 2. பீரங்கியின் மார்க் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. 9, 15 இரண்டையும் 1915 செப்டம்பர் என்று படிக்கத்தான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இதைச் சந்தேகப் பட்டியலில்தான் வைக்கிறேன். லாட் எண்ணின், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த உறைகளுக்குப் போடும் எண்ணின், துண்டாகவும் இருக்கலாம். இரண்டு எண்களும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், நடுவில் ஒரு கோடோ புள்ளியோ வைத்து வெட்டப்பட்டிருந்தால் மாதமும் வருடமும் என்று நம்பிச் சொல்லலாம். எழுத்தின் அளவு வேறுபட்டால் வெவ்வேறு நாளில் வெவ்வேறு கை போட்டது.

6 பி ஆர்தான் விஷயத்தின் கரு. பி ஆர் என்பது பவுண்டர். பழைய பிரிட்டிஷ் வழக்கில் சிறிய பீரங்கிகளுக்கு அது வீசும் குண்டின் எடையே பெயர். ஆறு பவுண்டு, ஏறக்குறைய 2.7 கிலோ குண்டு. வாய் 57 மில்லிமீட்டர், நீங்கள் சொன்ன இரண்டேகால் அங்குலம். ஆனால் ஆறு பவுண்டர் என்ற பெயரில் இரண்டு பீரங்கிகள் பிரபலம். ஒன்று 1880-களில் வந்த ஹாட்ச்கிஸ். போர்க்கப்பலை நெருங்கி வந்து டார்பிடோ விடும் சிறு படகுகளை விரட்டுவதற்காகக் கப்பல்களில் வைத்தது. மற்றது இரண்டாம் உலகப் போரில் டாங்குகளை எதிர்க்கத் தரைப்படை வைத்திருந்தது. இரண்டின் வாயும் 57 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் உறையின் நீளத்தில் இருக்கிறது. ஹாட்ச்கிஸ் உறை 307 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் அடி. டாங்கு எதிர்ப்பு உறை 441 மில்லிமீட்டர், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பெரும்பாலும் ‘7 சி டபிள்யூ டி’ என்றும் வெட்டியிருக்கும், அது பீரங்கியின் எடை. உங்களுடையது ஓர் அடி, அந்த ஏழும் இல்லை. ஆகவே ஹாட்ச்கிஸ்.

ஒரே ஒரு நிபந்தனை. உறையை யாரும் வெட்டியிருக்கக் கூடாது. பூச்சாடிக்காகவும் குடை வைப்பதற்காகவும் பெரிய உறைகளை அறுத்துக் குட்டையாக்குவது அந்தக் காலத்து வழக்கம். அறுத்ததா என்பதை வாயைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆலையிலிருந்து வந்த வாய் தாள் போல மெல்லியதாக, சுற்றிலும் ஒரே கனத்தில் இருக்கும். உடம்பைவிட கழுத்து சற்றே ஒடுங்கியிருக்கும். அறுத்ததில் கழுத்தே இருக்காது, விளிம்பு கனமாக இருக்கும், உள்பக்கம் விரலை விட்டால் அரம் போட்ட கீறல் நெருடும். இதை நீங்களே இன்று பார்த்துச் சொல்லலாம்.

சரி, ஹாட்ச்கிஸ் என்றால் கப்பல் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நான் நின்று யோசிக்கிறேன். ஹாட்ச்கிஸ் கப்பலுக்காகப் பிறந்தது, உண்மை. ஆனால் துறைமுகக் கோட்டைகளிலும் கரையில் வைத்திருந்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் உலகத்தில் முதன்முறையாக டாங்கு இறங்கியதே, அதில் ஒரு வகையின் இரண்டு பக்கவாட்டிலும் இருந்தது இதே ஆறு பவுண்டர் ஹாட்ச்கிஸ்தான். ஆக, இதே உறை கடலிலும் கரையிலும் டாங்கிலும் சுட்டிருக்கலாம். 1915 என்பது சரியாக இருந்தால் முதல்முறை நிரப்பியபோது டாங்கு என்ற பொருளே போர்க்களத்தில் இல்லை, கப்பலோ கடற்கரைக் கோட்டையோதான். இரண்டாவது முறை நிரப்பியது எப்போது என்று முத்திரை சொல்லவில்லை. நங்கூர முத்திரை இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். நங்கூரத்தை அமெரிக்க, ஜப்பானியக் கடற்படை உறைகளில் பார்க்கலாம். பிரிட்டிஷ் உறையில் அது இல்லை என்பதால் கடற்படை இல்லை என்று ஆகிவிடாது. மொத்தத்தில்: வாய் அறுபடாததாக இருந்தால், பிரிட்டிஷ் ஹாட்ச்கிஸ் ஆறு பவுண்டர் உறை என்பது நிச்சயம். உள்ளே மருந்து இல்லையென்றால், சுட்டு முடித்தது என்பதும் நிச்சயம். முதல் உலகப் போர்க் காலத்தது என்பது பெரும்பாலும் சரி. கப்பலில் சுட்டது என்பது நல்ல சாத்தியம், ஆனால் அடித்தட்டை மட்டும் வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கொள்ளுத்தாத்தாவின் கதைக்கு வருவோம். அவர் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக், போனார் என்று உங்கள் பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மெசபடோமியாவுக்கு மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை போயிருக்கிறது. டைகிரிஸ் ஆற்றில் பிரிட்டிஷ் பீரங்கிப் படகுகள் சிறிய பீரங்கிகளோடு ஓடின. பஸ்ராவிலிருந்து மேலே போன படைக்கு அந்த ஆறுதான் சாலை. கடலே இல்லாத வேலூர்ச் சீமைக்காரர் ஒருவர் கப்பல் தோட்டாவோடு திரும்பி வந்தார் என்பதில் நம்பமுடியாதது எதுவும் இல்லை. அதே சமயம் இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது. 1985-ல் எரிந்துபோகும்வரை மதராஸ் மூர் மார்க்கெட்டில் இப்படிப்பட்ட பழைய பித்தளைச் சாமான்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. ஊருக்குப் போகும் பட்டாளத்துக்காரர் ஒருவர் அழகுக்காக வாங்கிப் போயிருக்கலாம். உறை தன் பிறப்பைச் சொல்லும், யார் கையில் பயணம் செய்தது என்று சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். வீட்டில் பென்ஷன் தாளோ, டிஸ்சார்ஜ் சான்றோ, பதக்கமோ இருக்கிறதா தேடுங்கள். அந்தக் காலத்துப் பதக்கத்தின் விளிம்பில் பெயர், எண், படைப்பிரிவு பொறித்திருக்கும். அதில் சாப்பர்ஸ் என்றோ மரைன் என்றோ இருந்தால் பாட்டி சொன்னதற்குப் பலம் கூடும். போருக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று கணக்கு வெட்டிய கல் பலகைகள் நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. உங்கள் பூர்வீக ஊரில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டு உறையை எடுத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் அடி உயரம் என்பதை மட்டும் வைத்து ஹாட்ச்கிஸ் என்று சொல்லிவிடாதீர்கள். 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் உறையும் 311 மில்லிமீட்டர் உயரம், பார்வைக்கு அதே அளவுதான். நம் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது அதுதான். வாயை அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இன்னொன்று, அடித்தட்டுப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் பாதி அழுக்கு, 3.7 இன்ச் என்பது மட்டும் தெரிந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நாலு அங்குல உயரத்தில் ஒரு கிண்ணம் போல உட்கார்ந்திருந்தது, மலைப்படையின் 3.7 ஹவிட்ஸர் என்ற குட்டைக் குழல் பீரங்கியின் உறை. ஒரே எண், ஆனால் ஒன்றின் உறை இரண்டடிக்கு மேல், மற்றதன் உறை சாண் உயரம்கூட இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்தி எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாய், உயரம், அடித்தட்டு மூன்றும் இல்லாமல் நான் பெயர் சொல்வதில்லை. பெரிய கப்பல் குண்டின் உறை என்று ஆளுயரக் கதை சொல்கிறவர்களுக்கும் ஒன்று: பிரிட்டிஷ் கப்பல்களின் 15 அங்குலப் பீரங்கிகளுக்குப் பித்தளை உறையே கிடையாது. மருந்து பட்டுத் துணிப்பையில் போகும், சுட்டபின் பையும் மிஞ்சாது.

பாதுகாப்பதைப் பற்றி. இந்தப் பித்தளை நம் குடம், குத்துவிளக்குப் போல வார்த்தது அல்ல. நூற்றுக்கு 70 செம்பும் 30 துத்தநாகமும் கலந்த தகட்டை அச்சில் வைத்துப் படிப்படியாக இழுத்து நீட்டியது. அந்த இழுப்பின் இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல்தான் விளக்கினார்கள். ஆகவே மாட்டுக்கொட்டகைப் பக்கமோ, கழிப்பறைப் பக்கமோ வைக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும், அவற்றைக் கொண்டும் துடைக்காதீர்கள். படமெல்லாம் எடுத்து முடித்தபின் நீர்த்த புளித்தண்ணீரில் உடம்பை மட்டும் லேசாகத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தால் போதும். அடித்தட்டை விட்டுவிடுங்கள். அந்தக் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி.

காயலான் கடைக்குப் போடவேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். எடைக்குப் போட்டால் ஏதோ ஒரு தொகை வரும், உறை உலைக்குப் போய்விடும். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். போகும்போது உறையைத் தனியாகக் கொண்டுபோகாமல், கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொன்னதை ஒரு தாளில் எழுதி, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு, சேர்த்துக் கொடுங்கள்.

இப்போதைக்கு எனக்கு மூன்று விவரம் வேண்டும். வாயின் உள்விட்டமும் மொத்த உயரமும் மில்லிமீட்டர் கணக்கில், தையற்கடை டேப் வேண்டாம், இரும்பு ஸ்கேலால் அளந்தது. வாயின் விளிம்பு மெலிந்ததா, அறுத்ததா. திருநீறு பூசி எடுத்த அடித்தட்டுப் படம், குறிப்பாக அம்புக்குக் கீழே. அது வந்தால் அந்த 9-க்கும் 15-க்கும் முடிவு சொல்கிறேன்.